ஊசி 80, போன் 78: உங்கள் காரின் கிலோமீட்டர் கணக்கு எவ்வளவு சரி?

கேள்வி: வேளச்சேரியில் இருக்கிறேன். தொழிற்சாலைகளுக்கு உதிரிபாகம் சப்ளை செய்யும் கம்பெனியில் சேல்ஸ் வேலை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், கும்மிடிப்பூண்டி என்று மாதம் முழுக்க சொந்தக் காரில்தான் சுற்றுகிறேன். ஓடோமீட்டர் (ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டர்) படி கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ஆபீஸில் அலவன்ஸ் தருகிறார்கள். 2021 மாடல் ஹேட்ச்பேக். 42,000 கி.மீ.யில் டயர் நன்றாகத் தேய்ந்துவிட்டதால் நான்கையும் மாற்றினேன். பழையது 185/65 ஆர்15. ‘கொஞ்சம் அகலம் போட்டால் கிரிப் கிடைக்கும்’ என்று கடைக்காரர் சொன்னதால் 195/65 ஆர்15 போட்டேன். முன்பு ஸ்பீடோமீட்டர் ஊசி 80 காட்டும்போது போன் ஜிபிஎஸ் 75 காட்டும். இப்போது 78 காட்டுகிறது. போன மாதம் 1,640 கி.மீ. எழுதிக் கொடுத்தேன். அக்கவுண்ட்ஸ் பிரிவில் மேப்பை வைத்துக் கூட்டிப் பார்த்து 1,560தான் வருகிறது, உங்கள் மீட்டர் 5 சதவீதம் கூட ஓடுகிறது என்கிறார்கள். மீட்டர் கடையில் கேட்டால் 2,500 ரூபாய்க்கு ‘கிலோமீட்டர் செட்’ செய்து தருகிறேன் என்கிறார். செய்யலாமா? இன்னொன்று: என் மச்சான் 38,000 கி.மீ. ஓடிய செகண்ட்ஹேண்ட் கார் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். அந்த எண்ணை எப்படி நம்புவது?

பதில்: முதலில் பணம் சம்பந்தப்பட்டதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஓடோமீட்டர் இப்போது கூடுதலாக ஓட வாய்ப்பில்லை. நீங்கள் போட்டிருக்கும் டயருக்கு அது 2 சதவீதம் அளவுக்குக் குறைவாகத்தான் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். 1,640 என்று மீட்டர் சொன்னால் கார் உண்மையில் 1,670ஐத் தாண்டி ஓடியிருக்கும். மீட்டர் கடைக்கு 2,500 ரூபாய் கொடுக்க வேண்டாம். அக்கவுண்ட்ஸுக்கு என்ன பதில் சொல்வது என்பதைக் கீழே சொல்கிறேன்.

இந்தக் குழப்பத்தின் வேர் ஒன்றுதான். ஸ்பீடோமீட்டர் 5 சதவீதம் கூடுதலாகக் காட்டினால் ஓடோமீட்டரும் அதே 5 சதவீதம் கூடுதலாக ஓடும் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் ஒரே டயலில் இருக்கின்றன, ஒரே சென்சாரிலிருந்து தகவல் வாங்குகின்றன. ஆனால் கணக்கு வேறு வேறு.

வேகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கார் தயாரிப்பாளர்கள் உலகெங்கும் கையில் வைத்திருக்கும் அளவுகோல் ஐ.நா. வாகன விதி 39. அது இரண்டே விஷயம் சொல்கிறது. ஸ்பீடோமீட்டர் எந்த வேகத்திலும் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது. கூட்டிக் காட்டலாம், ஆனால் உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்குடன் 4 கி.மீ. சேர்த்து வரும் அளவுக்கு மேல் போகக் கூடாது. அதாவது கார் நிஜமாக 80இல் போகும்போது ஊசி 80 முதல் 92 வரை எதைக் காட்டினாலும் விதிக்கு உட்பட்டதுதான். 100இல் போனால் 114 வரை காட்டலாம். கீழ்ப்பக்கம் ஒரு கிலோமீட்டர்கூட விட்டுக்கொடுப்பு இல்லை, மேல்பக்கம் தாராளம். இப்படி இருந்தால் தயாரிப்பாளர் என்ன செய்வார்? டயர் உற்பத்தியில் வரும் வித்தியாசம், காற்றழுத்தம், வாடிக்கையாளர் பிறகு போடப்போகும் வேறு பிராண்ட் டயர் எல்லாவற்றையும் நினைத்து, ஊசியை வேண்டுமென்றே 3 முதல் 6 சதவீதம் வரை மேலே தள்ளி வைத்துவிடுவார். உங்கள் காரில் முன்பு இருந்த 75க்கு 80 பெரும்பாலும் அப்படி வந்ததுதான். அதில் பழுது எதுவும் இல்லை.

தூரத்தை அப்படித் தள்ளி வைக்க அவருக்கு எந்தக் காரணமும் இல்லை. ஓடோமீட்டர் கூட ஓடினால் வாரண்டி சீக்கிரம் தீரும், வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். குறைய ஓடினால் சர்வீஸ் தள்ளிப்போகும், வாரண்டி செலவு தயாரிப்பாளர் தலையில் விழும். ஆகவே தூரக் கணக்கைப் பூஜ்யத்தை ஒட்டியே வைக்கப் பார்ப்பார்கள். சரியான அளவு டயர் போட்ட காரில் ஓடோமீட்டர் பிழை பெரும்பாலும் ஒன்றிரண்டு சதவீதத்துக்குள் அடங்கிவிடும்.

கேபிள் காலத்திலும் இப்படித்தான். 1902இல் ஜெர்மானியர் ஓட்டோ ஷுல்ட்ஸே காப்புரிமை வாங்கிய அமைப்புதான் மாருதி 800, அம்பாசடர் வரை வந்தது. கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். அதைத் தொடாமல் மேலே கவிழ்ந்திருக்கும் அலுமினியக் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் எழும்பி, கிண்ணத்தைக் காந்தம் போகும் பக்கமே இழுக்கும். ஒரு மெல்லிய ஸ்பிரிங் அதை எதிர்த்துப் பிடித்து நிறுத்தும். அந்த இழுபறியில் ஊசி எங்கே நிற்கிறதோ அதுதான் வேகம். ஸ்பிரிங் தளர்ந்தால் ஊசி கூடுதலாகக் காட்டும், காந்தம் வலுவிழந்தால் குறைத்துக் காட்டும். கிலோமீட்டர் எண்களோ அதே கேபிளிலிருந்து பல்சக்கரம் வழியாக நேரடியாகச் சுழல்பவை. ஸ்பிரிங்குக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே கிடையாது. ஊசி 20 கி.மீ. தப்பாகக் காட்டும் அம்பாசடரில்கூட தூரக் கணக்கு சுத்தமாக இருக்கும்.

இன்றைய காரில் கேபிள் இல்லை. கியர்பாக்ஸ் வெளியீட்டில் ஒரு சென்சார் இருக்கும், அல்லது பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸுக்காக நான்கு சக்கரத்திலும் உள்ள சென்சார்களே அந்த வேலையையும் பார்க்கும். சென்சார் எண்ணுவது, சக்கரத்தோடு சுழலும் ஒரு வளையத்தின் பற்களை. ஒரு சக்கரத்துக்கு 48 பல் என்று வைத்துக்கொண்டால், உங்கள் பழைய அளவு டயரில் ஒவ்வொரு பல்லும் கிட்டத்தட்ட 4 செ.மீ. சாலை. காருக்குத் தெரிந்தது இந்தப் பல் எண்ணிக்கை மட்டும்தான். ஒரு சுற்றுக்கு எத்தனை மி.மீ. என்பது தொழிற்சாலையில் எழுதி வைத்த மாறாத எண். நீங்கள் டயரை மாற்றியது காருக்குத் தெரியாது.

இப்போது உங்கள் டயருக்கு வருவோம். 185/65 ஆர்15 என்றால் அகலம் 185 மி.மீ.; பக்கச்சுவர் உயரம் அதில் 65 சதவீதம், அதாவது 120.25 மி.மீ.; ரிம் 15 இன்ச், அதாவது 381 மி.மீ. பக்கச்சுவர் மேலும் கீழுமாக இரண்டு முறை வரும். மொத்த விட்டம் 381 + 240.5 = 621.5 மி.மீ. இதே கணக்கில் 195/65 ஆர்15 போட்டால் 381 + 253.5 = 634.5 மி.மீ. வித்தியாசம் 13 மி.மீ., 2.1 சதவீதம். அகலத்தை மட்டும் கூட்டியதாகக் கடைக்காரர் நினைத்திருப்பார். 65 என்பது அகலத்தின் சதவீதம் ஆகையால், அகலம் கூடும்போது உயரமும் சேர்ந்து கூடிவிடுகிறது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 195 அகலமே வேண்டும் என்றால் 195/60 ஆர்15 பார்த்திருக்கலாம். அதன் விட்டம் 615 மி.மீ., பழையதைவிட ஒரு சதவீதம்தான் குறைவு. தயாரிப்பாளர்களே ஒரே மாடலில் சின்ன வேரியண்டுக்கு 165/80 ஆர்14, பெரிய வேரியண்டுக்கு 185/65 ஆர்15 என்று கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரிம் ஒரு இன்ச் வித்தியாசம், ஆனால் விட்டம் 619.6க்கு 621.5. மூன்றில் ஒரு சதவீதம்கூட வித்தியாசம் வராது. அவர்கள் முதலில் பார்ப்பது இந்தக் கூட்டுத்தொகையைத்தான்.

(எடை ஏறும்போது டயர் கொஞ்சம் அமுங்கும், அதனால் சாலையில் ஒரு சுற்றுக்குப் போகும் தூரம் விட்டத்தை வைத்துப் போடும் கணக்கைவிடக் குறைவாகவே இருக்கும். அது இரண்டு அளவுக்கும் ஏறக்குறைய சமம் என்பதால் ஒப்பிடும்போது அடிபட்டுப் போகும்.)

ஆனால் 75, 78 ஆனது 4 சதவீத மாற்றம். அளவு மாற்றம் 2.1 சதவீதம்தானே? மீதி, தேய்மானத்தில் இருக்கிறது. புது டயரில் பட்டன் ஆழம் சுமார் 8 மி.மீ. இருக்கும். 2 மி.மீ.க்கு வந்தபோது கழற்றினீர்கள் என்றால் ஆரத்தில் 6, விட்டத்தில் 12 மி.மீ. கரைந்துபோயிருக்கும். 621.5ஆக இருந்தது 609.5 ஆகிவிட்டது. அங்கிருந்து ஒரேயடியாக 634.5க்குத் தாவினீர்கள். 75ஐ அந்த விகிதத்தில் பெருக்கினால் 78.1. உங்கள் போன் சரியாகத்தான் சொல்கிறது.

காற்றழுத்தத்தால் இவ்வளவு வருமா என்று கேட்பவர்கள் உண்டு. ரேடியல் டயருக்குள் எஃகு பெல்ட் சுற்றளவைப் பிடித்து வைத்திருப்பதால், நான்கைந்து பிஎஸ்ஐ குறைந்தாலும் பிழை ஒரு சதவீதத்தை எட்டாது. காற்று குறைந்தால் டயர் சூடாகும், ஓரம் தேயும், பெட்ரோல் கூடச் செலவாகும். அதற்காகச் சரியாக வையுங்கள், மீட்டருக்காக இல்லை.

இனி அக்கவுண்ட்ஸ் விவகாரம். பழைய டயரின் கடைசி மாதங்களில் ஓடோமீட்டர் ஒன்றரை, இரண்டு சதவீதம் கூடுதலாக ஓடியிருக்கும். அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆனால் போன மாதக் கணக்கு புது டயரில் ஓடியது. 80 கி.மீ. இடைவெளிக்கு மீட்டர் காரணமாக முடியாது. மீட்டர் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறது. காரணம் மேப் கணக்குப் போடும் விதத்தில் இருக்கிறது. மேப் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு வழியின் நீளத்தைச் சொல்கிறது, அதுவும் அக்கவுண்ட்ஸ்காரர் பார்த்த நேரத்துக்கு நல்ல வழி எதுவோ அதை. நீங்கள் காலையில் ஜிஎஸ்டி சாலை நெரிசலுக்குப் பயந்து வண்டலூரில் வெளிவட்டச் சாலை ஏறியிருப்பீர்கள். அவர் மதியம் பார்க்கும்போது மேப் வேறு வழியைக் காட்டும். ஒரகடம் சிப்காட்டில் மேப் கேட்டோடு நின்றுவிடும். வளாகத்துக்குள் விருந்தினர் பார்க்கிங் வரை போய்த் திரும்புவது அதில் இல்லை. ஓஎம்ஆரில் எதிர்ப்பக்கம் இருக்கும் கட்டடத்துக்கு யூ-டர்ன் தேடிப் போவது, பார்க்கிங் கிடைக்காமல் ஒரு தெரு சுற்றுவது, சாப்பிட விலகுவது, பெட்ரோல் போட உள்ளே போவது எல்லாமே நிஜக் கிலோமீட்டர்கள். இடம் மாறி இடம் போகும் வேலையில் இவை சேர்ந்து 5 சதவீதத்தைத் தொடுவது சாதாரணம்.

இதை வாதமாகச் சொல்வதைவிட அளந்து ஒரு தாளில் கொடுத்தால் விஷயம் முடிந்துவிடும். அளக்கும் முறை இது.

ஞாயிறு விடியற்காலை கிளம்புங்கள். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுப்படி டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்று வைத்துவிடுங்கள். ஜிஎஸ்டி சாலையில் பரனூர் சுங்கச்சாவடி தாண்டி, செங்கல்பட்டு நெரிசலையும் விட்டு, மதுராந்தகம் பக்கம் போகும் நீட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆத்தூர் சுங்கச்சாவடிக்கு முன்பே முடித்துவிடலாம். அதுவரை ஓடியதில் டயரும் சூடாகியிருக்கும். தேசிய நெடுஞ்சாலையில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கல் இருக்கும். ஐந்தாவது கிலோமீட்டர் கல் மற்றவற்றைவிடப் பெரியது, தூரத்திலேயே தெரியும். நடுவே 200 மீட்டருக்கு ஒரு சின்னக் கல். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டும். ஓட்டுபவர் எழுதவோ போனைப் பார்க்கவோ கூடாது. நெடுஞ்சாலை ஓரத்தில் கல்லைப் பார்க்க நிறுத்தவும் வேண்டாம்.

ஒரு ஐந்தாவது கிலோமீட்டர் கல், காரின் பக்கக் கண்ணாடிக்கு நேராக வரும்போது ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். பிறகு ஒவ்வொரு கல்லிலும் ட்ரிப் மீட்டர் என்ன காட்டுகிறது என்று எழுதிக்கொண்டே வாருங்கள், 25 கி.மீ. வரை. ஒவ்வொன்றையும் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சாலை அகலப்படுத்தியபோதும் மேம்பாலம் வந்தபோதும் சில கற்கள் இடம் மாறியிருக்கும், சில காணாமலே போயிருக்கும். கல்லுக்குக் கல் வித்தியாசம் வரிசையாக 1.0, 1.0 என்று வந்துகொண்டிருந்தது ஓரிடத்தில் திடீரென்று 1.3 என்றால் கல்தான் தப்பு, மீட்டர் இல்லை. அந்தத் துண்டை விட்டுவிட்டு மற்றதைக் கூட்டுங்கள். ட்ரிப் மீட்டர் 100 மீட்டர் படியாகத்தான் மாறும் என்பதால் 2 கி.மீ., 3 கி.மீ. அளந்து முடிவு சொல்லக் கூடாது. அதில் மட்டுமே 3, 5 சதவீதம் தடுமாறும். 25 கி.மீ.யில் அது 0.4 சதவீதமாகச் சுருங்கிவிடும். திரும்பி வரும்போது எதிர்ப்பக்கத்தில் இன்னொரு முறை அளந்து சராசரி எடுத்தால் போதும்.

கல் கணக்குப்படி 25 கி.மீ. போனபோது ட்ரிப் மீட்டர் 24.5 காட்டினால் உங்கள் திருத்த எண் 25 ÷ 24.5 = 1.02. மாதக் கடைசியில் மீட்டர் எண்ணை இதனால் பெருக்குங்கள். அந்தத் தாளில் தேதி, டயர் அளவு, தொடங்கிய கல், முடித்த கல், மீட்டர் எண் இவ்வளவும் இருந்தால் அக்கவுண்ட்ஸ்காரர் மறு பேச்சு பேச மாட்டார். டயர் தேயத் தேய இந்த எண் 1.00ஐ நோக்கி இறங்கும். 20,000 கி.மீ.க்கு ஒரு முறை மறுபடி அளந்துகொள்ளுங்கள்.

போனில் தூரம் அளக்கும் செயலியை இதற்கு நம்ப வேண்டாம். சிக்னலில் நிற்கும்போது புள்ளி அலைபாய்ந்து தூரம் கூடும், வளைவுகளை வெட்டிக்கொண்டு போவதால் தூரம் குறையும், மேம்பாலத்தடியில் அறுந்துபோகும். வேகத்துக்கு அதே ஜிபிஎஸ் அருமையான கருவி. நேரான சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது அது மணிக்கு ஒரு கி.மீ. வித்தியாசத்துக்குள் சரியாகச் சொல்லும். வேகம் கூட்டும்போதும் குறைக்கும்போதும் ஓரிரு நொடி பின்தங்கும், அப்போது ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள். இன்னொரு எச்சரிக்கை: சோதனை நேரத்தில் போனைக் காரின் திரையோடு இணைக்காதீர்கள். சில கார்களில் இணைப்பு வழியாகக் காரின் சக்கர வேகமும் போனுக்குப் போகும்; பிறகு விடைத்தாளைத் திருத்துபவரே விடை எழுதிய கதையாகிவிடும்.

போன் இல்லாமலும் பார்க்கலாம். ஊசியை 80இல் நிலையாகப் பிடித்து, 5 கி.மீ.க்கு எத்தனை நொடி என்று பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். 18,000ஐ அந்த நொடிகளால் வகுத்தால் உண்மை வேகம். 225 நொடி என்றால் சரியாக 80. 231 நொடி என்றால் 77.9. உங்கள் கார் 2021 மாடல் என்பதால் இன்னொரு வசதியும் இருக்கிறது. 2019 ஜூலை 1 முதல் வந்த கார்களில் 80ஐத் தாண்டினால் அவ்வப்போது பீப் ஒலியும், 120ஐத் தாண்டினால் விடாத பீப்பும் கட்டாயம். அந்த பீப் வரும் நொடியில் ஜிபிஎஸ் என்ன காட்டுகிறது என்று பாருங்கள்; ஊசியைக் குனிந்து பார்க்கும் வேலை மிச்சம்.

ஊசிக்கும் உண்மைக்கும் இப்போது 2 கி.மீ.தான் இடைவெளி என்பதைச் சிலர் ‘மீட்டர் துல்லியமாகிவிட்டது’ என்று கொண்டாடுவார்கள். நான் கொண்டாட மாட்டேன். உங்களுக்காகத் தயாரிப்பாளர் ஒதுக்கி வைத்த பாதுகாப்பு இடைவெளியைத்தான் நீங்கள் செலவழித்திருக்கிறீர்கள். இன்னும் ஒரு படி மேலே 205/65 ஆர்15 போட்டிருந்தால் விட்டம் 647.5 மி.மீ., 4.2 சதவீதம் கூடுதல். ஊசி 80 காட்டும்போது கார் நிஜமாகவே 80ஐ ஒட்டிப் போகும். அதற்கும் மேலே போனால் ஊசி குறைத்துக் காட்ட ஆரம்பித்துவிடும். அப்போதுதான் ‘நான் 60லதான் சார் வந்தேன்’ என்பவருக்குச் சலான் வரும். கேமராவும் ஸ்பீட் கன்னும் அளப்பது உண்மை வேகம். அந்தக் கருவிகளுக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்புதல் சான்று வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021இல் சேர்த்த 167ஏ விதி சொல்கிறது. சந்தேகம் இருந்தால் அந்தச் சான்றைக் கேட்கலாம். ஆனால் தொழிற்சாலை அளவு டயர் போட்டிருப்பவர், ஊசி வரம்புக்குள் இருந்தும் சலான் வந்தது என்றால், முதலில் தன் ஞாபகத்தைச் சந்தேகப்படுவது நல்லது. அந்தக் காரில் ஊசி எப்போதும் உங்களுக்குச் சாதகமாகத்தான் சாய்ந்திருக்கும்.

பெரிய டயரில் வேறு சில்லறைத் தொல்லைகளும் உண்டு. ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி, பின்சீட்டில் மூன்று பேரோடு ஒரு ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கிப் பாருங்கள். முன் சக்கர வளைவின் பிளாஸ்டிக்கில் உரசும் சத்தம் வருகிறதா? வந்தால் இந்த டயரைத் தேயும்வரை ஓட்ட வேண்டாம். வராவிட்டால் ஓட்டித் தீருங்கள். அடுத்த முறை 185/65க்கே திரும்பிவிடுங்கள். நான்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று கலந்தால் ஏபிஎஸ் கணக்கு குழம்பும்.

மைலேஜ் கணக்கிலும் அதே திருத்த எண்ணைச் சேர்த்துக்கொள்ளுங்கள். புது டயர் போட்டதும் மைலேஜ் குறைந்துவிட்டது என்று வரும் புகார்களில் ஒரு பங்கு இதுதான். டேங்க் நிரப்பி ஓட்டி, அதே பங்க்கில், அதே பம்ப்பில், முதல் கட்-ஆஃபிலேயே நிறுத்தி மறுபடி நிரப்புகிறீர்கள். மீட்டர் 540 கி.மீ., போட்டது 32.4 லிட்டர் என்றால் 16.7 வரும். திருத்தினால் 551 கி.மீ., லிட்டருக்கு 17.0. டேஷ்போர்டில் கம்ப்யூட்டர் காட்டும் மைலேஜும் அதே தப்பான தூரத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது.

மீட்டர் கடைக்காரர் சொன்ன ‘செட்’ என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு எத்தனை மி.மீ. என்ற எண்ணை அவர் பெரும்பாலும் தொட மாட்டார், தொடவும் முடியாது. சில தயாரிப்பாளர்களின் கார்களில் கம்பெனி சர்வீஸ் சென்டரின் ஸ்கேன் டூலில் டயர் அளவைத் தேர்ந்தெடுக்க முடியும். அதுவும் அந்த மாடலுக்கு அனுமதித்த அளவுகளுக்குள் மட்டும். உங்கள் காருக்கு அந்த வசதி உண்டா என்று சர்வீஸில் ஒரு வார்த்தை கேளுங்கள். வெளிக்கடையில் செய்வது, மீட்டருக்குள் இருக்கும் நினைவுச் சில்லில் ஓடிய மொத்தக் கிலோமீட்டரை அழித்து வேறு எண் எழுதுவது. நாளைய கணக்கு அதனால் ஒரு மீட்டர்கூடச் சரியாகாது. பல கார்களில் அதே எண் பாடி கம்ப்யூட்டரிலும் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியுவிலும் இன்னொரு பிரதியாக இருப்பதால், சர்வீஸில் ஸ்கேன் செய்தவுடன் முரண்பாடு வெளியே வந்துவிடும், வாரண்டிக்கும் வேட்டு. அப்படி மாற்றிய காரை மறைத்து விற்றால் அது மோசடி. பாரதிய நியாய சன்ஹிதாவின் 318வது பிரிவு இருக்கிறது, வாங்கியவர் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். நீங்கள் நல்ல எண்ணத்தோடுதான் கேட்டீர்கள். ஆனால் பின்னாளில் அதை நிரூபிக்க உங்களிடம் எதுவும் இருக்காது.

மீட்டரை உண்மையிலேயே சந்தேகப்பட வேண்டிய நேரங்கள் வேறு. சதவீதக் கணக்கில் மெதுவாக விலகுவது டயர். திடீரென்று நடப்பது பழுது. ஊசி ஓடும்போதே பூஜ்யத்துக்கு விழுந்து எழுந்தால் சென்சாரின் கனெக்டரில் தண்ணீர் போயிருக்கும். மழையில் முழங்கால் தண்ணீரில் ஓட்டிய காருக்கு இது சில மாதம் கழித்துக்கூட வரும். பின்கள் பச்சை பூத்திருக்கும், சுத்தம் செய்து மாட்டினால் சரியாகிவிடும். ஸ்கேனில் பி0500 என்ற பழுதுக் குறியீடு வந்தால் வேக சென்சார் சிக்னல் வரவில்லை என்று பொருள். வீல் பேரிங் மாற்றிய மறுநாளே ஏபிஎஸ் விளக்கு எரிந்தால், மெக்கானிக் பேரிங்கைத் திருப்பி மாட்டியிருக்கிறாரா என்று பார்க்கச் சொல்லுங்கள். பல பேரிங்குகளின் ஒரு முகத்தில் சாதாரண ரப்பர் சீல் போலவே தெரியும் காந்த வளையம் இருக்கும். அது சென்சார் பக்கம் பார்த்து உட்கார வேண்டும். கண்ணுக்கு இரண்டு முகமும் ஒன்று போலத்தான் இருக்கும், அதனால் இந்தத் தவறு நிறையவே நடக்கிறது.

உங்கள் மச்சானின் 38,000 கி.மீ. காருக்கு வருகிறேன். பெடல் ரப்பர், ஸ்டீயரிங் தேய்மானம் எல்லாம் பார்க்கலாம்தான், ஆனால் விற்பவர்கள் அவற்றை நூறு, இருநூறு ரூபாயில் மாற்றிவிடுகிறார்கள். முதலில் டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23வது வாரம் தயாரித்தது. 2019 மாடல் கார் 38,000தான் ஓடியது என்கிறார்கள், ஆனால் நான்கு டயரும் 2021இல் செய்தவை, அவையும் தேய்ந்து கிடக்கின்றன என்றால் முதல் செட் எங்கே போனது என்று கேட்க வேண்டும். ஸ்டெப்னியையும் பாருங்கள், அது பெரும்பாலும் கார் வாங்கியபோது வந்ததாகவே இருக்கும். அடுத்து, காரின் பதிவு எண்ணைக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொடுத்தால் கடைசி சர்வீஸ் எந்தத் தேதியில், எத்தனை கி.மீ.யில் என்று கணினியில் இருக்கும். சொந்தக்காரரைக் கூட வைத்துக்கொண்டு கேட்டால் சொல்வார்கள். 2022இல் 51,000 என்று பதிவாகியிருந்தால் அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை.

மூன்றாவது, ஸ்டீயரிங்குக்குக் கீழே, பழுது பார்க்க ஸ்கேனர் மாட்டும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் சின்ன ப்ளூடூத் அடாப்டர். போனில் ஒரு செயலியைத் திறந்து ‘பழுதுக் குறியீடுகள் அழித்த பின் ஓடிய தூரம்’ என்ற வரியைத் தேடுங்கள். இன்ஜின் ஈசியு தனியாக எண்ணி வைக்கும் தூரம் அது. 65,535 வரை எண்ணும். மீட்டரைத் திருப்பி வைப்பவர்களில் பலர் இந்த இடத்தைத் தொடுவதில்லை. மீட்டர் 38,000 காட்டி, இந்த வரி 52,000 காட்டினால் காரை விட்டு இறங்கிவிடச் சொல்லுங்கள். சின்ன எண் காட்டினால் அதை வைத்து எதுவும் முடிவு செய்ய வேண்டாம். ஸ்கேனரால் அந்தக் குறியீடுகளை அழித்தால் அந்த எண்ணும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும், சில கார்களில் பேட்டரி கழற்றினாலே போய்விடும். காரை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அடாப்டர் உங்களிடமே இருக்கட்டும். ஊசியின் கூட்டல் சேராத சக்கர வேகத்தை முழு எண்ணில் அது காட்டும். மதுராந்தகம் போகும்போது ஜிபிஎஸ்ஸுக்குப் பக்கத்தில் அதையும் ஓட விட்டால், உங்கள் பிழையில் தயாரிப்பாளர் கூட்டியது எவ்வளவு, டயர் கூட்டியது எவ்வளவு என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்த்துவிடலாம்.